நினைவுச்சவ்வு

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் மணி மீண்டும் அடித்தது. சண்முகவடிவு ஒரு கருப்பட்டித் துண்டைக் கணவர் ஆவுடையப்பனின் வாயருகே கொண்டுபோனாள்.

“எறும்புகூட இவ்வளவு திங்காதுட்டி” என்றார் அவர்.

“பேசாம மெல்லுங்க.”

நேரம் தவறினால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். மூன்று நாளாக அவள் கண்ணை மூடவில்லை.

அவர் இடுப்பில் பதித்திருந்த நினைவுச்சவ்வுதான் இப்போது அவருக்குச் சிறுநீரகம். பட்டுநாரும் களிமண்ணும் கலந்து வார்த்த மெல்லிய தாள். மேலடுக்கில் பெரிய துளைகள், நடுவில் சிறியவை, அடியில் கண்ணுக்கே தெரியாதவை. ஈரம் காயும் முன் அதை நோயாளியின் ரத்தத்தில் ஊறவைப்பார்கள். அந்த ரத்தத்தில் அளவுக்கு மிஞ்சி எது இருந்தாலும் சவ்வுக்கு அது நஞ்சு. அதன் வடிவத்திலேயே அடித்துளைகள் இறுகிவிடும். பிறகு ஆயுளுக்கும் அதைப் பிடித்து வெளியே தள்ளும். இது வந்தபின் பழைய சுத்திகரிப்பு எந்திரங்களை எல்லா ஊரிலும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

மருத்துவர் மெஹருன்னிசா உள்ளே அழைத்தார்.

“சவ்வு சர்க்கரையையும் நஞ்சுன்னு பிடிக்குதும்மா. ரத்தம் எடுத்த அன்னைக்கு ஏதும் சாப்பிட்டாரா?”

“இல்ல டாக்டர்.”

ஆவுடையப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் சேலை முந்தியை முறுக்கினாள்.

“நல்ல காரியத்துக்குக் கிளம்புற மனுசன வெறும் வாயோட எப்படி அனுப்ப? தயிர்ல சீனி போட்டு ஒரு கிண்ணம்...”

“ரெண்டு” என்றார் ஆவுடையப்பன். “எனக்குன்னு நான் கேக்கல. இவதான் ஊட்டினா.”

மருத்துவர் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“இந்த மாசம் நீங்க பதினொண்ணாவது வீடு. ஒரு வீட்டுல பாயாசமே வச்சிருக்காங்க.”

“கழட்டிருங்க டாக்டர்.”

“சதையோட ஒட்டிப்போச்சும்மா. புதுச வச்சுட்டுத்தான் பழச வெட்டி எடுக்கணும்.”

“அப்ப புதுச வார்த்துருங்க. இன்னைக்கே.”

“வார்க்கலாம்.” மருத்துவர் ஒப்புதல் தாளை நகர்த்தினார். “அதுக்கு இவரு எட்டு மணி நேரம் வெறும் வயித்தோட இருந்து ரத்தம் குடுக்கணும்.”

சண்முகவடிவு கையிலிருந்த மிச்சக் கருப்பட்டியைப் பார்த்தாள்.

“மத்த பத்து பேரு?” என்றாள் சண்முகவடிவு. “அவங்க இருந்தாங்களா?”

மருத்துவர் பேனாவின் மூடியைக் கழற்றி, அவள் பக்கம் நீட்டினார்.

“ஒருத்தர் மூணு மணி நேரம் வரைக்கும் இருந்தாரு.”