ஆறாத கல்

ஒரு வாரமாக விடாத மழை. சேக்காட்டு அடுக்குமாடியில் எல்லார் வீட்டுத் துணியும் ஈரவாடை அடித்துக்கொண்டிருக்க, நிவேதிதா வீட்டு ஹாலில் மட்டும், காலையில் பிழிந்து போட்ட மகள் வர்ஷாவின் யூனிஃபார்ம் மொடமொடவென்று காய்ந்து தொங்கியது.

“இன்னாம்மா, ஊட்டுக்குள்ள வெயில் கீதா? என் பொடவையும் எட்த்துகினு வந்து போட்டுக்கவா?” பாத்திரம் தேய்க்க வந்த வேம்புலியம்மாள் சிரித்துவிட்டுப் போனாள்.

நிவேதிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொடிக்கு நேர் கீழே, மணையின் மேல், அந்தக் கல் இருந்தது.

சொந்த வீடு வேண்டுமென்று போன வருஷம் திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரம் கல்லின்மேல் கல்லாக அடுக்கிவிட்டு வந்திருந்தார்கள். வீடு அமைந்தது. நன்றி சொல்லப் போனபோது அடுக்கு கலையாமல் நின்றதைக் கண்டு கணவன் ஸ்ரீகாந்துக்குத் தலைகால் புரியவில்லை. மேல்கல்லை எடுத்து அவள் கைப்பையில் போட்டான். “நம்ம வீட்டுக் கல்லு நிவி. ஒரு காலத்துல நெருப்பா இருந்து ஆறின மலையாம்.” மலையே சாமியாக இருக்கும் ஊரில் எதைப் பெயர்த்துக்கொண்டு வருகிறோம் என்று அவளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. அவனுக்கு போன் செய்தாள்.

“கல்லு சுடுதுங்க.”

“பூந்தமல்லில முட்டியளவு தண்ணில நிக்கிறேன். எனக்கும் கொஞ்சம் சூடு அனுப்பேன்.” லைன் அறுந்தது.

மழைச் சத்தத்துக்கு அடியில் கொலுசுச் சத்தம் கேட்டது. இருட்டு ஹாலில் வர்ஷா அந்தக் கல்லைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கிரிவலத்தில் பார்த்தது போலவே, கை கூப்பி, வலமாக, அவசரமே இல்லாமல். தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாடை அறையெங்கும் கனத்துக் கிடந்தது.

“போதும் வர்ஷா. வா.”

கொலுசு நிற்கவில்லை.

துண்டைச் சுற்றிக் கல்லைப் பிடித்தாள். கைப்பையில் வந்த கல். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மணை பிளந்தது. கல் அசையவில்லை.

கிடக்கட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். படியிறங்கினால் போதும்.

கொலுசு நின்றது.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். நேற்று இடுப்பில் தூங்கிய பிள்ளை. பாதம் தரையை விட்டு எழவில்லை. மறுபடி. மூச்சைப் பிடித்து, மறுபடி. உள்ளங்கை சுட்டது.

“கண்ணு... அம்மாகிட்ட வாடா.”

வர்ஷா மெல்ல முகத்தை நிமிர்த்தினாள். அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. பால்பற்களுக்குப் பின்னால், தொண்டையின் அடியாழத்தில், சிவப்பாக, ஏதோ கனன்றுகொண்டிருந்தது.