வாளியில் தண்ணீர் இல்லை!

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. பொறாமைப்பட்டான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று கோர்பா ஊரே தீர்மானித்தது. அதற்காக இன்றுவரை ஒருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை!

காலை ஏழு மணி.

ஹாஜ் துஹாமியின் தக்காளித் தொழிற்சாலை.

'டமார்...!'

நீராவிக் குழாயின் வளைவு பிளந்தது. வால்வைத் திறந்த இளம் பொறியாளன் லம்ஜத், அலறுவதற்கும் அவகாசமின்றிச் சாய்ந்தான்.

மறுநாள் நண்பகல். குழாயை மாற்றிவிட்டார்கள். வாசலில் நாற்பது லாரித் தக்காளி வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஃபௌஸியா கைவிலங்குடன் நின்றாள்... ஐம்பத்தெட்டு வயது ஃபிட்டர் பெஷீரின் எதிரில்!

"லம்ஜத் மேல உங்களுக்குப் பொறாமையாமே?"

"ஆமா மேடம். நெறைய."

"கொஞ்சம் யோசிச்சுப் பதில் சொல்லுங்க."

"யோசிச்சா இன்னும் அதிகமாகும்! இருபத்தாறு வருஷமா நான் மாட்டின வட்டு ட்ராப் 'டக்... டக்'னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. இவன் வந்தான். எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டு வாளி ட்ராப் மாட்டினான். எரிபொருள் மிச்சமாம்! வெள்ளிக்கிழமை ஹாஜ் போடற குஸ்குஸ் விருந்துல கறி அவன் தட்டுக்கு... எலும்பு எனக்கு!"

குழாயில் ஓடும் நீராவி குளிர்ந்தால் நீராகும். அந்த நீரை வெளியே விட்டு, ஆவியை உள்ளேயே நிறுத்தும் இரும்புப் பெட்டிதான் ஸ்டீம் ட்ராப். அது அடைபட்டால் நீர் தேங்கும். தேங்கிய நீரைப் பின்னாலிருந்து ஆவி தள்ளினால், அது நீரன்று... பீரங்கிக் குண்டு!

"யாரோ வேணும்னே ட்ராப்பை அடைச்சிருக்காங்கன்னு, வெடிச்ச குழாயைப் பார்த்தே நிபுணர் சொல்லிட்டார்" என்றாள் ஃபௌஸியா. "அவன் குழாய் ஒருநாள் வெடிக்கும்னு திங்கக்கிழமை டீக்கடையில சொன்னீங்களா?"

"திங்கக்கிழமை சொன்னேன். போன மாசம் சொன்னேன். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னேன்!"

"இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?" ஹிஷெம் குறுக்கிட்டான். முதலாளியின் மருமகன், அலுவலக நிர்வாகி. "கூட்டிட்டுப் போங்க. நான் ஸ்பேனரைக் கையில தொடாத ஆளு. எனக்கே புரியுது!"

பெஷீர் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை நீட்டினார்.

ஃபௌஸியா புரட்டினாள். 'ஆகஸ்ட் 9. லம்ஜத்தின் ட்ராப்பில் குறையொன்றும் இல்லை. சே!' 'ஆகஸ்ட் 10. இன்றும் ஒழுங்காகவே ஓடுகிறது. வயிறு எரிகிறது.' 'ஆகஸ்ட் 11, மாலை. உற்பத்தி நிறுத்தும்வரை பழுதில்லை. நாசமாய்ப் போக!'

"என்ன இது?"

"தினமும் ரெண்டு வேளை அந்த ட்ராப்புல காதை வச்சுக் கேட்டேன் மேடம். ஒரு குறை கிடைச்சா ஹாஜ்கிட்ட ஓடலாம்ல? நானே அதைக் கெடுத்திருந்தா அன்னிக்கே ஓடியிருப்பேன். அவனுக்கு வேலை போகணும்னு ஆசைப்பட்டேன்... உயிர் போகணும்னு இல்ல!"

அப்போது பாய்லர்காரன் புதுக் குழாயில் ஆவியைத் திறந்தான்.

'ஸ்ஸ்ஸ்...!'

லம்ஜத்தின் அதே ட்ராப்பின் வாயிலிருந்து ஆவி பீறிட்டது. நிற்கவேயில்லை!

பெஷீர் பாய்ந்தார். ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்டியில் ஊன்றினார். பிடியில் காதை வைத்தார்.

"ஆவியை மூடுங்கடா! பெட்டிக்குள்ள தண்ணி இல்ல!"

"இல்லேன்னா என்ன?" என்றாள் ஃபௌஸியா.

"உள்ளே கவுத்துப் போட்ட வாளி இருக்கு. சுத்தித் தண்ணி இருந்தாத்தான் அது மிதந்து மேல போயி ஓட்டையை மூடும். அதனால திறந்து மூடுற எவனும் முதல்ல தண்ணி ஊத்துவான். அடைச்ச ட்ராப்புல தண்ணி நெறைஞ்சு நிக்கணும் மேடம். இது காலி! வெடிச்சதுக்கப்புறம் எவனோ திறந்திருக்கான். அடைப்பை எடுத்துட்டு, வெறும் பெட்டியா மூடியிருக்கான்."

"அவசரத்துல நீங்களே மறந்திருக்கலாம்."

"சோறு தின்ன வாயைத் திறக்க மறப்பேனா?"

இரும்பு ஆறியதும் பெஷீர் மூடியைக் கழற்றிக் காட்டினார். சொட்டு நீர் இல்லை. பிறகு, யாரையும் பாராமல், உரக்கச் சொன்னார்:

"லம்ஜத் இதை நாலே நிமிஷத்துல மூடுவான். பாவி, என்னா கை! இந்தத் தொழிற்சாலையில இன்னொருத்தனுக்கு வராது."

"உண்மைதான்" என்று ஹாஜ் துஹாமி கண்ணைத் துடைத்தார். "அவனைத்தான் நிர்வாகத் தலைவராக்கறதா இருந்தேன். எனக்கும் ஒரு மாப்பிள்ளை இருக்காரே... சும்மா!"

ஹிஷெமின் காது மடல்கள் சிவந்தன.

"நாலு நிமிஷம் ஒரு பெரிய விஷயமா மாமா? இங்க குடுய்யா அந்த ஸ்பேனரை!"

கேஸ்கெட் தன் இடத்தில் அமர்ந்தது. நான்கு போல்ட்டுகள்... எதிரெதிராக, மாறி மாறி, பிசகின்றி இறுகின.

"ரெண்டே முக்கால் நிமிஷம்!" மார்பை நிமிர்த்தினான் ஹிஷெம். "அவனை விட வேகம்! பார்த்துக்கோங்க!"

ஆவி திறக்கப்பட்டது.

'ஸ்ஸ்ஸ்...!'

பீறிட்டது. நிற்கவேயில்லை!



"ஸ்பேனரைத் தொடாத ஆளு!" ஃபௌஸியா மெதுவாக நடந்து வந்தாள். "போல்ட் பூட்டத் தெரியுது. தண்ணி ஊத்தத் தெரியல. இப்படி ஒரு ஆளு இங்க எத்தனை பேர் ஹிஷெம்?"

ஹிஷெமின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

"மாப்ள... எங்க கத்துக்கிட்டீங்க?" ஹாஜின் குரல் உடைந்தது.

"என் ஆபீஸ் ஜன்னல்லேருந்து!" வெடித்தான் ஹிஷெம். "தினமும் பார்த்தேன்! அவன் திறக்கறதை, மூடறதை, நீங்க அவன் முதுகைத் தட்டறதை! பழைய வாளி ட்ராப் ஒண்ணை வாங்கிட்டுப் போயி வீட்டுல ராத்திரி பகலாப் பழகினேன். என்னாலயும் முடியும்னு காட்ட... கடைசியில திங்கக்கிழமை ராத்திரி ரப்பர் துண்டை வச்சு அடைச்சேன்... வெடிச்சதும் எடுத்துட்டேன்!"

"தண்ணி ஊத்தினதைப் பார்க்கலையா?" என்றார் பெஷீர்.

"அதை அவன் தரையில வச்சுச் செய்வான்..." ஹிஷெம் அழுதான். "ஜன்னல் கட்டை மறைச்சிடும்!"

பெஷீருக்கு வந்த விலங்கு ஹிஷெமின் கையில் ஏறியது.

"பெஷீர்! அவன் வாயைக் கிளறணும்னு எப்படித் தோணிச்சு?" என்றாள் ஃபௌஸியா.

"லம்ஜத் பேரைச் சொன்னப்ப அவன் கண்ணைப் பார்த்தேன் மேடம். தினமும் சவரம் பண்ணும்போது அதே கண்ணைத்தான் பார்க்கறேன்!"

ஜீப் கிளம்பியது. லாரிகள் உள்ளே நுழைந்தன.

வாசகரே! பக்கத்து வீட்டுப் புதுக் காரைக் கண்டு ஒருநாளும் முகம் சுளிக்காதவர் நீங்கள் என்றால், எழுந்து நின்று பெஷீரைத் தாராளமாக ஏசுங்கள். மற்றவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். முடியாது என்பவர்கள், இரு கைகளையும் விலங்குக்கு நீட்டிக்கொண்டு வரிசையில் வாருங்கள்... தள்ளாதீர்கள், எல்லோருக்கும் இடமுண்டு!