பவளம் விழுந்த அன்று

காலையில் நாற்காலியில் உட்காரும்போதே பிலோமினாவுக்குக் கண் எரிந்தது. தூத்துக்குடிக் கரைக்கு அப்பால் மிதந்த அந்த ஊரில் கதவு, குடிநீர், மருந்து, படகு எல்லாம் செவிப்பொறி என்ற இயந்திரத்தின் கையில். மக்கள் பேசும் தமிழைக் கேட்டு அது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும். முதலெழுத்து பெரியதாக இருந்தால் ஆள். சின்னதாக இருந்தால் பொருள். தமிழில் பெரிய எழுத்து ஏது? கயல் என்று பெயர் சொன்னால் மீன் என்று எழுதிவிடும். அதைத் திருத்துவதுதான் அவள் வேலை. திருத்தம் கரைக்குப் போய் ஒப்புதலாகித் திரும்ப இரண்டு நாளாகும். அதற்குள் சிலருக்குத் திருத்தமே தேவைப்படாமல் போய்விடும்.

அன்று மரியதாசன் மூச்சிரைக்க வந்தான். மிதவைகளுக்கு அடியில் பற்றவைப்பு வேலை செய்யும் அவன் மனைவி பவளம் தவறி விழுந்து, நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தாள். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் உயிர் இருந்தது. படகு கேட்டுக் கேட்டு அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடலில் பவளம் கிடக்கிறது என்று எழுதிக்கொண்ட பொறி படகை அனுப்பவில்லை. பெண்டாட்டி என்றும் சொல்லிப் பார்த்திருந்தான். மனைவி, மகள், அம்மா எல்லாமே ஆங்கிலத்தில் சின்ன எழுத்துதான்.

பிலோமினா திருத்தத்தை எழுதத் தொடங்கி, பாதியில் கையை எடுத்தாள். ஒரேயொரு சொல்லுக்கு மட்டும் ஒப்புதல் வேண்டாம். ஆங்கில வாக்கியத்தின் எந்த மூலையில் வந்தாலும் அதற்குப் பெரிய எழுத்துதான்.

"அவ விழுந்துட்டான்னு சொல்லாதிய தம்பி. நான் விழுந்துட்டேன்னு சொல்லுங்க."

"நான் இங்கதானக்கா நிக்கேன்?"

"அது பொறிக்குத் தெரியாது. சொல்லுங்க."

அவன் சுவரிலிருந்த ஒலிவாங்கியில் வாயை வைத்தான். "நான் கடல்ல கெடக்கேன். தெக்கு மிதவைக்கு அங்கிட்டு. எனக்குக் குளுருது." கடைசி வார்த்தையில் நிஜமாகவே அவன் உடம்பு நடுங்கியது.

படகு போயிற்று. பவளம் உயிரோடு வந்தாள். மரியதாசன் மீட்கப்பட்டான் என்று பொறி குறித்துக்கொண்டது.

செய்தி ஊரெங்கும் பரவியது. அதன்பிறகு யாரும் அடுத்தவர் பேரைச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் தகப்பன் எனக்குக் காய்ச்சல் என்றான். பக்கத்து வீட்டுக்காரியின் பிரசவ வலியைக் கிழவர் ஒருவர் தன் வலியாகச் சொல்லி மருத்துவச்சியை வரவழைத்தார். பிலோமினாவுக்குத் திருத்த எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் நாளெல்லாம் ஒலிபெருக்கியில் ஊரின் குரல்களைக் கேட்பது மட்டும் ஓயவில்லை. யாருடைய வலியை யார் சொல்கிறார்கள் என்று பிரித்தறியவும் முடியவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், இளம்பெண் ஒருத்தியின் குரல் பதறாமல் வந்தது.

"நான் இப்பதான் செத்துப்போனேன். எடுத்துட்டுப் போக ஆள் வரச் சொல்லுங்க."

செத்தது யாரென்று பிலோமினா கேட்கவில்லை. குரல் அடங்கிய பிறகும் வெகுநேரம் ஒலிபெருக்கியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.