ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய செய்தி

"எங்க ஆபீஸ் வைஃபையில யாரோ என் மெசேஜைப் படிக்கிறாங்க சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் துப்பறிவாளரின் எதிரே நாற்காலியில் சாய்ந்தாள்.

மருந்துக் கிடங்கு ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் அவளுக்கு வேலை. பிரிவுத் தலைவி பதவி அவளுக்கென்று பேசி முடிந்திருந்தது. கர்ப்பமாக இருப்பதை வெளிநாட்டிலிருக்கும் அக்காவுக்கு மட்டும் எழுதினாள். சில நாளில் மேலாளர் கூப்பிட்டு, "இந்த நிலைமையில உனக்கெதுக்கும்மா இந்தப் பாரமெல்லாம்?" என்று பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

"யார் மேல சந்தேகம்?" துப்பறிவாளரின் குரலில் தூக்கம் போதாத சலிப்பு.

"நெட்வொர்க் பாக்கறவர்தான். முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் அவரை வேலையை விட்டு அனுப்பறாங்க. அதுக்குள்ள ஆதாரம் வேணும்."

உதவிக்கு இருந்த மைத்துனன் துள்ளினான். "முடிஞ்சுது மாமா! வைஃபை அவன் கையில. ஆளை அமுக்கிடலாம்."

"நீ முதல்ல வாயை அமுக்கு மாப்ளே. ஏம்மா, மேலாளர் வேற என்ன சொன்னார்?"

"'மாடிப்படி ஏறினதுல மூச்சு வாங்கிச்சாமே'ன்னார். ஞாயித்துக்கிழமை ஸ்கேன் எடுக்கப் போன ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓடல. படியில உக்காந்துதான் அக்காவுக்கு எழுதினேன். படி ஏறினதை வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல, திட்டுவார்."

துப்பறிவாளர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கிடங்கில் அச்சு இயந்திரம் மேலாளர் அறையில் மட்டும்தான். மூவரும் அங்கே நின்றிருக்கும்போதே குமாஸ்தா ஒருவர் வந்தார். மேலாளரின் கணினித் திரைக்கு நேரே போனைக் காட்டி, கணினியில் திறந்திருந்த செய்திச் செயலியில் தன் கணக்கையும் சேர்த்தார். போனுக்கு வந்திருந்த தாளை அச்செடுத்துக்கொண்டு அப்படியே போய்விட்டார்.

"எல்லாரும் இப்படித்தானா?"

"வேற வழி? போன வாரம் நானும் சரக்குச் சீட்டு எடுத்தேன்" என்றாள் அவள்.

துப்பறிவாளர் முதலாளியம்மாவையும் நெட்வொர்க்காரரையும் அங்கேயே வரவழைத்தார். மேலாளர் இருக்கையை விட்டு எழவில்லை.

"வைஃபையில போற செய்தி பூட்டின பெட்டி மாதிரி. எந்தச் செயலியைத் திறந்தாங்கன்னு நெட்வொர்க்காரருக்குத் தெரியலாம். உள்ளே என்ன எழுதினாங்கன்னு தெரியாது."

"பூட்டை உடைச்சிருந்தா மாமா?"

"உடைச்சாலும் அந்த மாடிப்படி கிடைக்காது மாப்ளே. இவங்க எழுதினது ஆஸ்பத்திரியில, சொந்த டேட்டாவுல. அந்தச் செய்தி இந்த வைஃபையைத் தொடவே இல்லை. படிச்சவர் வழியில மறிக்கலை; கணக்குக்குள்ளேயே உக்காந்திருந்தார். உங்க போன்ல 'இணைத்த சாதனங்கள்'னு இருக்கும், பாருங்கம்மா."

அவள் பார்த்தாள். "இந்தக் கம்ப்யூட்டர்தான். நான் மூடாமலேயே போயிட்டேன்."

"நான் தேடிப் போகலை" என்றார் மேலாளர். "திறந்து கிடந்தது, கண்ணுல பட்டுது."

"கடைசியா எப்பத் திறந்ததுன்னு போட்டிருக்கும்மா?"

"இன்னைக்குக் காலையில."

"கண்ணுல படறது ஒரு தடவை சார். தினமும் படுமா?"

முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதவி உனக்குத்தாம்மா. நெட்வொர்க்காரரே, நீங்களும் போய் வேலையைப் பாருங்க. இவரோட நான் தனியா பேசிக்கிறேன்."

அறைக்கு வெளியே வந்ததும் அவள் நெட்வொர்க்காரரை நிறுத்தினாள். "அண்ணே, உங்க பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியும்மா. மூணு நாளா யாரும் என் முகத்தைப் பாத்துப் பேசலையே" என்று கையை நீட்டினார். "போனைக் கொடு, அந்தக் கணக்கை முதல்ல வெளியேத்துவோம்."

அவள் விரல்கள் போனை இறுக்கின. ஒரு கணம்தான். அவர் அதைக் கவனித்துவிட்டார். நீட்டிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நீயே பண்ணும்மா. எதை அமுக்கணும்னு மட்டும் சொல்றேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.