மண்ணிறப் பெட்டை

கீழே நிலவறையில் அலாரம் வீரிட்டது.

சாருகா வெங்காயத்தையும் கத்தியையும் அப்படியே போட்டுவிட்டு நின்றாள். புகைக்கு அடிக்கும் அலாரம் அல்ல இது. புருசன் பாம்பு வளர்க்கும் அறையில் சூடு இறங்கினால் மட்டும் கத்துவது. கலியாணமாகி இந்தக் குரோருட் வீட்டுக்கு அவள் வந்த நாள் முதல் ஒருமுறைகூடக் கத்தியதில்லை. பின்னேரம்தான், ஆனால் யன்னலுக்கு வெளியே மார்கழி இருட்டு மையாய் அப்பிக் கிடந்தது.

கைபேசியும் அடித்தது. தக்சன். ஸ்ட்ரோம்மனுக்குக் கடைக்குப் போயிருந்தவன். அவன் கைபேசிக்கும் அதே அலாரம் போயிருக்கும்.

"என்னப்பா, கீழை போய் மற்ற ஹீட்டரைப் போட்டுவிடும். கெதியா. பெட்டை குட்டி போடத் தொடங்கியிருக்கும்."

"என்னாலை ஏலாது. ஆறு மாதப் பிள்ளையை வயித்திலை வைச்சுக்கொண்டு அந்த ஊத்தைக்கை போகச் சொல்லுறீங்களே?"

"குளிர் பிடிச்சால் எல்லாம் செத்திடும். பனி கொட்டுது, வழியிலைதான் நிக்கிறன், வரக் கொஞ்ச நேரமாகும். ஸ்பீக்கரிலை போட்டுக்கொண்டு போம். கதைச்சுக்கொண்டே வாறன்."

போன வருடம் ஒரு பிள்ளை கருவிலேயே கலைந்துபோனது. இந்தப் பிள்ளையாவது முழுசாய்க் கைக்கு வரவேண்டும் என்று கண்ட தெய்வத்தையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தாள் அவள். அவளுக்கென்று வேறு யாரும் இல்லை. தகப்பன் முகமே தெரியாமல் பெர்கனில் தாயோடு வளர்ந்தவள். தாய் செத்து மூன்றாம் மாதம் தக்சன் தானாகத் தேடி வந்து பெண் கேட்டான். சாதகம்கூடப் பார்க்கவில்லை. நல்ல மனிசன் என்று ஊரே சொன்னது.

ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி படி இறங்கினாள்.

மணம்தான் முதலில் வந்தது. ஈர மரத்தூளும் மூத்திரமும் பழைய இறைச்சியும் ஒன்றாகிப் புழுங்கி, மூக்கில் நுழைந்து தொண்டையில் எண்ணெய்போலப் படியும் மணம். குளித்தாலும் தலைமயிரை விட்டுப் போகாது, தக்சனின் கழுத்தில் எப்போதும் இருக்கும், படுக்கையில் முகத்தைத் திருப்பினாலும் தலையணை வழியாக வரும். படியடியில் ஐஸ்பெட்டி. குறொன்லாண்ட் கடைத்தெருவில் அவள் வாங்கிவந்த மீனுக்குக் கீழ்த்தட்டில், பாம்புத் தீனிக்காக, வால்கள் ஒட்டி விறைத்த எலிகள் ஒரு பையில். தெரியாமல் அந்தப் பையைப் பிரித்த நாளிலிருந்து அவள் மீன் தின்பதில்லை.

மற்ற ஹீட்டரின் சுவிட்சைத் தட்டினாள். சூடு ஏற அலாரம் ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான் மற்றச் சத்தம் கேட்டது. ஈரத்தில் ஈரம் வழுக்கும் சத்தம்.

"போட்டிட்டீரோ? இப்ப கண்ணாடிக்குக் கிட்டப் போம். எத்தினை வந்திருக்கு?"

சிவப்பு விளக்கின் கீழ், தொடைப் பருமனில் அந்தப் போவா, முட்டையிடாமல் குட்டி போடும் மலைப்பாம்பு, வாலைத் தூக்கியபடி கிடந்தது. வெறும் மண்ணிறம். அதன் பின்புறம் விரிந்து விரிந்து, சவ்வுப் பைகளாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சுருள் நெளிந்தது. இடையிடையே கருக்கட்டாத மஞ்சள் கட்டிகள், அழுகிய முட்டைக்கரு மாதிரி, சளியில் மிதந்தன. பாம்பு அதன் மேலேயே ஊர்ந்து நசித்தது.

"ஐயோ... எனக்குச் சத்தி வருது."

"ஓங்காளிக்காமல் நிறத்தைச் சொல்லும்."

"எல்லாம் மண்ணிறம். தாய் மாதிரி."

"நல்லாப் பாரும். வெளியிலை மண்ணிறம், உள்ளுக்கை வேற நிறம் ஒளிச்சிருக்கு. தனிய ஒண்டிலை இருந்தால் அது வெளியிலை வராது. தாயிட்டையும் தேப்பனிட்டையும் இருக்கவேணும். அதுக்குத்தான் இதைத் தம்பிக்காரனோடை சேர்த்தனான்."

"எந்தத் தம்பி?"

"இதின்ரை தம்பிதான். ஒரே தேப்பன்ரை குட்டியள். யாரிட்டை ஒளிச்சிருக்கெண்டு பாத்தாத் தெரியாது. சேர்த்துப் பாத்தால்தான் தெரியும்."

"சீ! கூடப்பிறந்ததோடையோ?"

அவன் சிரித்தான். "பாம்புக்கு என்னப்பா அக்கா தம்பி, அண்ணன் தங்கச்சி?"

அப்போது கடைசிப் பை வந்தது. மற்றவற்றைவிடப் பெரியது. தானாகவே கிழிந்தது.

உள்ளே இருந்தது மண்ணிறம் இல்லை. வெள்ளையும் இல்லை. அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். கோதுமை நிறம். தன் உள்ளங்கையின் நிறம். செதில் இல்லை. மெல்லிய தோல். தோலில் பூனைமயிர். அது தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்தது.

கண்ணை மூடித் திறந்தது.

பாம்புக்கு இமை கிடையாது.

"சாருகா? ஏன் கதைக்கேல்லை?"

அவள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"கண் வெட்டுதோ?" அவன் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல. "சொல்லும், கண் வெட்டுதோ?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஓம்," என்றாள்.

"வந்திட்டுது! என்ரை அப்பா சொன்னவர். பாம்பிலை வந்தால் எங்களிலையும் வருமெண்டு சொன்னவர்." கார் நின்ற சத்தம் கைபேசியில் கேட்டது, அதே சத்தம் வீட்டுக்கு வெளியிலும் கேட்டது. கதவு. மேலே காலடி.

சாருகா பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர். வயிற்றில் இரண்டு கையையும் வைத்துப் பொத்தினாள். உள்ளே பிள்ளை அசைந்தது.

உதைக்கவில்லை.

இடது விலாவிலிருந்து தொடங்கியது. வழுக்கியது. கீழே போனது. வலது பக்கம் ஏறியது. நிற்கவில்லை. மெதுவாக. நீளமாக. ஒரு முழு வட்டம். பிறகு இன்னொன்று, அதற்கு உள்ளே.

கண்ணாடிக்குள் அது மறுபடி கண்ணை மூடித் திறந்தது.

தக்சன் படியில் நின்றான். தோளில் பனி. அவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் வயிற்றைத்தான் பார்த்தான்.

"கிட்ட வராதையுங்கோ," என்றாள். "பிள்ளை... பிள்ளை சுத்துது, தக்சன். எனக்குள்ளை சுருண்டு சுத்துது."

அவன் முகம் மலர்ந்தது. பாம்புகளோடு கதைக்கும் அந்த மெல்லிய குரலில் சொன்னான்:

"பிறகென்ன, எங்கட ரெண்டு பேருக்கும் அப்பா ஒராள்தானே."