ஜன்னலோரக் கட்டில்

கட்டில் ஜன்னலோரம் கிடந்தது.

மெர்லீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். நேற்று சாவின் ஒன்பதாம் இரவு. கடலோடு போன அவள் புருஷன் லின்வாலுக்காக ஊரே கூடிப் பாடி, ஓசி ரம்மில் துக்கத்தை நன்றாகவே ஊறவைத்து, விடிவதற்குள் கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போட்டது. செத்தவன் திரும்பி வந்தால் இது தன் வீடில்லை என்று நினைத்துப் போய்விட வேண்டும். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். மற்ற விதவைகள் அழுதுகொண்டே நகர்த்துவார்கள். மெர்லீன் கட்டிலைத் தானே முதலில் பிடித்தாள். கரையில் அவளை அடிக்க நீண்ட லின்வாலின் கை, கடலில் ஒரு பலகையைப் பிடிக்க நீளவில்லை. அவன் வராமலிருந்தால் போதும் அவளுக்கு.

இரவல் பெஞ்சுகளைச் சாயங்காலம் தேவாலயத்தில் கொடுத்துவிட்டு வருவதற்குள், கட்டிலைப் போலவே மேசையும் பழைய மூலையில். அலமாரி பழைய சுவரில். மேசைமேல் வறுத்த மீனும் சுட்ட சீமைப்பலாவுமாக, அவன் தட்டில் ஓர் ஆள் சாப்பாடு.

இன்னொரு சாவி மாமியார் ஐசில்டாவிடம் இருந்தது. அடிவாங்கிய இரவுகளில் இவள் முகத்துக்கு ஒத்தடம் கொடுத்தவள். நேற்றும் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தவள்.

கட்டிலை இழுக்க உள்ளே ஓடினாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“அத்தை, கதவத் திறங்க.”

“இன்னிக்கு ஒரு ராத்திரி இரும்மா.” தணிந்த குரல். “பெத்தவ நான். எம்புள்ள எத்தன நாளு கடல்ல அலைவான்?”

“என்கூட சேந்து நீங்கதானே நகத்துனீங்க.”

“ஊரு பாத்துச்சுல்ல.” மகனுக்குச் சாக்கு சொல்லும் பழைய குரலில், “அவன் இனிமே அடிக்கமாட்டான்டி. கையில ஏது பலம்.”

பிறகு வெளியே ஐசில்டா சங்கு ஊதினாள். மூட்டத்தில் வழி தவறிய படகுகளைக் கரைக்குக் கூப்பிடும் அந்த ஓசை, வேலியில் காயும் வலைகளையும் இருட்டிக்கொண்டு வந்த தென்னைகளையும் தாண்டிக் கடலுக்குள் போய், அலைச் சத்தத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது போலிருந்தது. நாய்கள் குரைக்கவில்லை. வறுத்த மீனின் மணத்தை அழுகிய பாசியின் நெடி மெல்லத் தின்றது.

ஜன்னலைத் தள்ளினாள். வெளியே ஆணியடித்திருந்தது.

கட்டிலை இழுத்தாள். அசையவில்லை. யாரோ படுத்திருக்கிற கனம்.

பலகை கிறீச்சிட்டது.

“வந்துட்டியா ராசா,” என்றாள் ஐசில்டா, கதவுக்கு வெளியே அழுதுகொண்டு.

மெத்தை குழிந்தது. குழிக்குள் தண்ணீர் ஊறியது. தலையணையில் மணல்.

மெர்லீன் சுவரோடு ஒட்டினாள். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் மட்டும் காய்ந்தே இருந்தது. அந்தப் பக்கத்துப் போர்வை, முனையில் தொடங்கி, மெதுவாக, அவளுக்காக விலகியது.