மரத்துப்போன கால்

அருள்ராஜை அபுதாபியின் முசஃபா தொழிலாளர் கேம்பில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியபோது உச்சிவெயில். சாரம் கட்டும் வேலையில், மேலிருந்து விழுந்த இரும்புக் குழாய் அவன் இடுப்பை முறித்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதுகை அறுத்து, தைத்து, வாக்கரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போயிருந்தது.

கேம்ப் பாஸ் செய்கு முகம்மது, கீழக்கரைக்காரர், கடைசி அறையைத் திறந்துவிட்டார்.

"சிக் ரூம் தம்பி. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

எல்லோரும் டூட்டிக்குப் போன பிறகு கேம்ப் வெறிச்சோடிவிடும். ஏசியின் உறுமல் மட்டும் கேட்கும். சுவரில் ஊறிப்போன தைல வாடை. பிசியோதெரபிஸ்ட் ஜெயலட்சுமி சொல்லிக்கொடுத்தபடி அருள்ராஜ் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்குவான். பிறகு பாதங்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்ப்பான். வலது பாதம் வரும். இடது பாதம் அடுத்தவன் பாதம்போலக் கிடக்கும். அது எழாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவி நாகவள்ளி தினமும் போனில் ஒன்றையே கேட்டாள்: "கால் அசைஞ்சுச்சா?"

ஒரு மதியம் அசைந்தது.

பெருவிரல் முதலில். பிறகு பாதம் முழுவதும். அருள்ராஜ் அழுதேவிட்டான். அழுகைக்கு நடுவில்தான் கவனித்தான், அவன் வலது காலைத்தான் மடக்கிக்கொண்டிருந்தான்.

இடது காலை அவன் அசைக்கவில்லை.

அவன் நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. தலைமாட்டில் யாரோ மூச்சு வாங்கினார்கள். இடுப்புக்கடியில் இரண்டு உள்ளங்கைகள், ஜில்லென்று, அவனைத் தாங்கித் தூக்கின.

"இன்னொரு தடவ..." காதோரம் ஒரு குரல் கிசுகிசுத்தது. "எந்திரிச்சிரலாம்."

மறுநாள் கிளினிக்கில் ஜெயலட்சுமி ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டாள்.

"தெரியுதா அண்ணா?"

"இல்லம்மா."

"ஆனா அசைக்கிறீங்களே!"

காலை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். அது அவள் கையை உதறித் தள்ளியது. அருள்ராஜ் கட்டில் விளிம்பைப் பற்றியபடி அப்படியேதான் கிடந்தான். அதன் பிறகு அவள் அந்தக் காலைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் செய்கு முகம்மதுவிடம் கேட்டான்: "பாய், அந்த ரூம்ல எனக்கு முன்னாடி யாரு இருந்தா?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மணிகண்டன்னு ஒருத்தன். உனக்குப் பண்ணுன அதே ஆபரேஷன். படுத்தா வேலை போயிரும்னு பயந்து, வலியக் கடிச்சிக்கிட்டு நடந்து காட்டுனான். கம்பெனி டாக்டரு ஃபிட்டுன்னு எழுதிட்டாரு. சைட்ல சிமெண்ட் மூட்டையத் தூக்குனவன்தான், அப்புறம் நிமிரவே இல்ல. திரும்ப அதே ரூம்ல கொண்டாந்து போட்டாங்க. அங்கயே செத்துப்போனான்."



அடுத்து வந்த நாட்களில் அந்தக் கால் அருள்ராஜை நடக்கவைத்தது. கம்பெனி டாக்டர் அவனை வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். காலில் உணர்ச்சியே இல்லை, வேலைக்கு அனுப்பக் கூடாது என்று ஜெயலட்சுமி மன்றாடினாள். அவர் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நடக்கிறானே. கலாஸ், முடிஞ்சது. டூட்டி."

நடப்பது நான் இல்லை என்று எந்த மொழியில் சொல்வது?

விடிந்ததும் கம்பெனி பஸ் முன்னால் நின்றான். இடது கால் அவனைக் கேட்காமலே படியில் ஏறியது. ஏறி, அவனை உள்ளே இழுத்தது.

"வா... லேட்டாகுது."

செத்தும் டூட்டிக்குப் பயப்படுகிற குரல்.

அருள்ராஜ் கதவுக் கம்பியை இறுகப் பிடித்தான். "நான் வரலப்பா. என்னைய விட்ரு."

கம்பியை விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். தையலுக்குள் ஏதோ அறுந்தது. படியிலிருந்து சரிந்த கால், அப்புறம் அசையவே இல்லை.

விசாவை ரத்து செய்து, சக்கர நாற்காலியில் விமானம் ஏற்றினார்கள். இப்போது சொந்த ஊரான முதுகுளத்தூரில் கோலூன்றி, காலை இழுத்து இழுத்து நடக்கிறான். நாகவள்ளி காலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

போன வாரம் செய்கு முகம்மது போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"பஸ் டிரைவர் ஒண்ணு சொல்றான் தம்பி. ஆளுங்க எல்லாம் ஏறுன பெறகு, தெனமும், படி ஒரு தடவ அமுங்குதாம். யாரோ கால் வச்ச மாதிரி."

"பெறகு?"

"கொஞ்ச நேரம் வெயிட் பண்ணிட்டுத்தான் கதவச் சாத்துறானாம்."